பாதி பதனிட்ட படிப்பு

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தோல் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே இப்பொழுது வேறொரு வியாபாரத்தின் பலகைகளும் தென்படுகின்றன. அயல்நாட்டுக் கலாசாலைகளில் இடம் பிடித்துத் தருவதாகவும், விசா வாங்கிக் கொடுப்பதாகவும் அவை விளம்பரம் செய்கின்றன. "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று ஆசை காட்டவும் அவை தவறுவதில்லை. இந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் நமது பக்கத்துத் தகப்பனார்கள் பலர் வீட்டுப் பத்திரத்தைப் பாங்கியில் வைக்கிறார்கள். தாய்மார்கள் கழுத்திலும் காதிலும் உள்ளதைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷினின் முன் நாள் முழுதும் குனிந்திருந்து சேர்த்த காசும் இந்த வழியிலேயே போகிறது. ஆகையால், அவ்வார்த்தை எவ்வளவு தூரம் மெய் என்பதைப் பொதுஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுவது பத்திரிகையின் கடமையாகிறது.

சுருக்கமாகச் சொன்னால், மாணவர் விசா என்பது படிப்பதற்குக் கொடுக்கும் அனுமதியே அன்றிப் பிழைப்பதற்குக் கொடுக்கும் அனுமதி அன்று. அதனோடு சேர்ந்து வரும் வேலையுரிமை, மணிக் கணக்காலும் மாதக் கணக்காலும் அளந்து கொடுக்கப்படுவது. அதைக் கொண்டு கல்லூரிச் சம்பளம் கட்டிவிடலாம் என்று நினைப்பவர் ஏமாந்து போவார். ஆனால் அதே உரிமையைக் கற்ற வித்தையைக் கைப்பழக்கமாக மாற்றும் வாய்ப்பாகக் கொள்பவருக்கு அது கிடைத்தற்கரிய செல்வம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமையால் எத்தனையோ குடும்பங்கள் நஷ்டமடைகின்றன. தெரிந்தும் மறைப்பவர்களோ லாபமடைகிறார்கள்.

இவ்வட்டாரத்து ஜனங்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வெகு தூரம் போகவேண்டுவதில்லை. பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும், பாதி பதனிட்ட தோலுக்கும் முடித்த சரக்குக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? நமது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிற்று. அங்கே மெருகேறிச் செருப்பாகவும் பையாகவும் உருக்கொண்டு நமக்கே திரும்பி வந்தது. 1919 இல் அன்றைய சர்க்கார் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 100 க்கு 15 வீதம் வரி விதித்தபோதும், சாம்ராஜ்யத்துக்குள்ளேயே பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 வீதத்தைத் திருப்பித் தந்தது. அந்தச் சலுகை யாருடைய நன்மைக்காக என்று நாம் விளக்கவேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பின்னர், 1973 இல்தான் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. முடித்த தோலும், ஷூவும், கையுறையும் இங்கேயே செய்யும் தொழில் அதன் பிறகே செழித்தது. ஆம்பூரின் பெயர் இன்று ஐரோப்பியக் கடைவீதிகளில் தெரிகிறதென்றால், சரக்கைப் பாதியில் விற்றுவிடுவதில்லை என்று நாடு செய்துகொண்ட தீர்மானமே அதற்கு முக்கியமான காரணம்.

தோலுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். கலாசாலையில் பாடம் கேட்டுப் பட்டம் பெற்றவன் பாதி பதனிட்ட சரக்கு. கேட்ட பாடத்தைத் தொழிற்சாலையிலோ, ஆஸ்பத்திரியிலோ, கணக்கு ஆபீசிலோ தன் கையால் செய்து பார்த்தவனே முடித்த சரக்கு. இது புதிதாக நாம் கண்டுபிடித்த உண்மையன்று. அந்நிய ஆட்சிக் காலத்திலேயே நமது முன்னோர் இதை அனுபவத்தால் அறிந்து முறையிட்டிருக்கிறார்கள்.

1904 முதல் இந்திய மாணவர்களைத் தொழிற்கல்விக்காகச் சீமைக்கு அனுப்ப சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்து வந்தது. சென்றவர்கள் புத்தகப் படிப்பைக் குறைவறப் பெற்றார்கள். ஆனால் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து வேலை பழகுவது மட்டும் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. நாளைக்குப் போட்டியாக வரக்கூடியவனுக்கு இன்றைக்குத் தொழில் இரகசியத்தை ஏன் காட்டவேண்டும் என்று முதலாளிகள் தயங்கினார்கள். 1913 இல் மாரிஸன் கமிட்டியும், 1922 இல் லிட்டன் பிரபுவின் கமிட்டியும் ஆராய்ந்த விஷயங்களில் இந்தக் குறை முக்கியமான ஒன்று. பட்டத்தோடு திரும்பியவரைப் பார்த்து, "கையில் தொழில் உண்டா?" என்று நம்மவர் கேட்டபோது, அவர் தலை குனிய நேர்ந்தது.

வேறு வகையில் உழைத்துப் படித்தவர்களும் உண்டு. 1922 இல் அமெரிக்கா சென்ற ஸ்ரீ ஜயப்பிரகாச நாராயணர் காலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தும், ஹோட்டல்களில் பாத்திரம் கழுவியும் பல சர்வகலாசாலைகளில் கல்வி பயின்று 1929 இல் தாய்நாடு திரும்பினார். உழைப்பு எதுவாயினும் இழிவன்று என்ற பாடத்தை அங்கே அவர் கற்றார். தோல் விஞ்ஞானத்தில் நமது நாட்டுக்குப் புகழ் தேடித் தந்த டாக்டர் நாயுடம்மா அமெரிக்காவில் லீஹை சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். 1948 இல் ஏற்பட்ட சென்னை அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை ஆய்வுச்சாலைக்குள் அடைத்து வைக்காமல் தோல் பதனிடுவோரின் தொட்டிவரைக்கும் கொண்டு சென்றவர் அவர். அயல்நாட்டுப் படிப்பு நாட்டுக்குப் பயன்படவேண்டுமானால் அது எவ்விதம் முடிவு பெறவேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

அன்று நமது மாணவர்கள் கெஞ்சியும் கிடைக்காத தொழிற்பயிற்சி, இன்று பல நாடுகளில் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையாக இருக்கிறது. அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை, மகனை அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு தகப்பனாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் எப்-1 விசாவில் படிப்பவர் பாடங்கள் நடக்கும் காலத்தில் சர்வகலாசாலை வளாகத்துக்குள்ளே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேற்படாமல் வேலை செய்யலாம். விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முதல் வருஷத்தில் பொதுவாக இடமில்லை. அதற்குப் பிறகு இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. முதலாவது சி.பி.டி. எனப்படும் பாடத்திட்டப் பயிற்சி. அது படிப்பின் ஓர் அங்கமாக இருக்கவேண்டும். இன்ன முதலாளியிடம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று சர்வகலாசாலை அதிகாரி முன்கூட்டியே ஐ-20 பத்திரத்தில் அனுமதி எழுதித் தரவேண்டும். இரண்டாவது ஓ.பி.டி. எனப்படும் விருப்பப் பயிற்சி. படித்த துறையிலேயே 12 மாதம் வேலை பழக அது இடம் தருகிறது. விஞ்ஞானம், எஞ்சினீயரிங், கணிதம் முதலிய துறைகளில் பட்டம் பெற்றவருக்கு 2016 முதல் மேற்கொண்டு 24 மாதம் நீட்டிப்புக் கிடைக்கிறது. ஆனால் முழு நேரச் சி.பி.டி.யில் 12 மாதத்தைக் கழித்தவர் அதே படிப்புக்கு ஓ.பி.டி. பெறும் உரிமையை இழந்துவிடுகிறார். ஓ.பி.டி.க்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். அனுமதி அட்டை கைக்கு வந்து, அதில் குறித்த தேதி பிறந்த பின்னரே வேலையில் அமரலாம். முதல் 12 மாத காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தாலும் ஆபத்துத்தான்.

இந்த நுணுக்கங்களை நாம் வேண்டுமென்றே விரித்துச் சொன்னோம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்; பெட்ரோல் கடையிலோ மளிகைக் கடையிலோ ரொக்கத்துக்கு வேலை கிடைக்கும்" என்று ஏஜெண்டு சொல்லும் வார்த்தையில் எவ்வளவு பெரிய பள்ளம் மறைந்திருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். அனுமதியில்லாமல் வேலை செய்த மாணவன் தன் மாணவ அந்தஸ்தை இழக்கிறான். மற்றத் தவறுகளால் அந்தஸ்தை இழந்தவன் அதைத் திரும்பப் பெற மனுச் செய்யலாம். அனுமதியற்ற வேலையால் இழந்தவனுக்கோ அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

பிரிட்டனில் பட்டப் படிப்புக்குச் சென்றவருக்குப் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், அதற்குக் கீழ்ப்பட்ட படிப்புக்குச் சென்றவருக்கு 10 மணி நேரமும் வரம்பு. திங்கட்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரையில் ஒரு வாரம். ஒரு வாரத்தில் 25 மணியும் அடுத்த வாரத்தில் 15 மணியும் செய்துவிட்டு, சராசரி 20 தானே என்று வாதிக்க முடியாது. சொந்தத் தொழில் கூடாது. ஆகையால் சுயதொழில் ஒப்பந்தத்தில் சைக்கிளேறி உணவுப் பொட்டலம் விநியோகிப்பதும் குற்றமே. எம்.ஏ., எம்.எஸ்ஸி. மாணவர்கள் கோடையில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாதங்கள் பெரும்பாலும் விடுமுறையாகக் கருதப்படுவதில்லை என்பதும் அறியத்தக்கது. கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

இனி, இந்த உரிமையால் வரும் வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். வாரத்துக்கு 20 மணி வீதம் ஒரு வாரமும் தவறாமல் வேலை கிடைத்தாலும் வாரத்துக்கு 244 பவுன். மாதத்துக்குச் சுமார் 1,058 பவுன். அதே வருஷத் தொடக்கத்தில், லண்டனுக்கு வெளியே வசிக்கும் மாணவருக்கு மாதச் சாப்பாடு, வாடகை முதலியவற்றுக்கு 1,136 பவுன் இருப்பைக் காட்டவேண்டும் என்று அதே சர்க்கார் விதித்திருந்தது. லண்டனில் வசிப்பவருக்கு 1,483 பவுன். அதாவது, சட்டம் அனுமதிக்கும் மணி முழுவதையும் உழைத்தவனுக்கு, சட்டமே போட்ட சாப்பாட்டுக் கணக்குக்குக்கூடக் கூலி எட்டவில்லை! கல்லூரிச் சம்பளம் எங்கே? பாங்கிக் கடனின் வட்டி எங்கே? ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது எங்கே? "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்ற வார்த்தை இந்தக் கணக்கின் முன் நிற்காது.

கணக்கு நிற்காத இடத்தில்தான் மோசடி நுழைகிறது. 20 மணி போதாதவன் 40 மணி உழைக்கத் துணிகிறான். அவனுடைய பயத்தை அறிந்த கடைக்காரன் சட்டக் கூலியில் பாதியைக் கொடுத்து அவன் வாயை மூடுகிறான். பின்னர், படிப்பைத் திரையாக வைத்து வேலை அனுமதியை விற்கும் கலாசாலைகள் முளைக்கின்றன. 2011 இல் காலிபோர்னியாவில் டிரை-வேலி என்ற பெயரளவுச் சர்வகலாசாலை சோதனையிடப்பட்டபோது, அதில் சேர்ந்திருந்தவரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், அதிலும் ஆந்திர நாட்டு இளைஞர். அவர்களில் சிலருடைய கணுக்காலில், குற்றவாளிக்குப் பூட்டுவதுபோல் ரேடியோக் காப்புப் பூட்டப்பட்டதை நமது நாடு மறக்கவில்லை. 2019 இல் மிச்சிகன் மாகாணத்தில் வெளிப்பட்ட பார்மிங்டன் விவகாரம் அதனினும் விபரீதம். பாடமோ உபாத்தியாயரோ இல்லாத அந்தச் சர்வகலாசாலையை அமெரிக்க சர்க்காரின் இலாகாவே வலை விரிப்பதுபோல் ஏற்படுத்தியிருந்தது. அதில் சிக்கிக் கைதானவரில் பெரும்பாலோரும் இந்தியரே. 2023 இல் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு கனடாவுக்கு அனுப்பப்பட்ட பஞ்சாப் மாணவர்களின் கதையும் இதே வகை. படித்து முடித்து நிரந்தர வாசத்துக்கு மனுப் போட்ட பிறகுதான், தாங்கள் கொண்டுவந்த கடிதம் பொய் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தது.

வலை விரித்த சர்க்காரின் செயலை நாம் நியாயமென்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்மவர் தெரிந்தோ தெரியாமலோ இத்தகைய வலையில் விழுந்தால் அதனால் கெடுவது அவர்கள் மட்டுமல்லர். 2012 ஏப்ரலில் பிரிட்டன் படிப்புக்குப் பிந்திய வேலை விசாவை அடியோடு மூடியபோது அதற்குக் கூறிய காரணங்களில் போலிக் கல்லூரிகளும் ஒன்று. நேர்மையாகப் படித்த மாணவர்களுக்கும் அந்தக் கதவு 9 வருஷம் மூடியே கிடந்தது. நார்தாம்ப்டனில் தோல் தொழில் கற்று, அங்கேயே ஓரிரண்டு வருஷம் கை பழகித் திரும்பலாம் என்று நினைத்த ஆம்பூர்ப் பையன் யார் செய்த பாவத்துக்காகவோ அந்த வாய்ப்பை இழந்தான்.

இவ்வளவும் நமது பக்கத்துக் குறை. எதிர்ப் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அயல்நாட்டு மாணவனிடம் உள்நாட்டு மாணவனைப்போல் பல மடங்கு சம்பளம் வாங்கிக்கொள்ளும் தேசங்கள், அவனுக்குச் செய்த வாக்கை இஷ்டப்படி மாற்றுகின்றன. பிரிட்டன் 2012 இல் கதவை மூடிற்று; 2021 ஜூலையில் இரண்டு வருஷம் என்று திறந்தது; 2027 ஜனவரி முதல் மனுச் செய்யும் சாதாரணப் பட்டதாரிகளுக்கு அதை 18 மாதமாகக் குறைக்கத் தீர்மானித்தது. கனடா ஆள் தட்டுப்பாடு வந்ததும் 2022 நவம்பரில் மணி வரம்பைத் தளர்த்திற்று. தட்டுப்பாடு தீர்ந்ததும் 2024 ஏப்ரலோடு மறுபடி இறுக்கிற்று. அமெரிக்காவில் 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான அயல்நாட்டு மாணவர்களின் பதிவு திடீரென்று ரத்துச் செய்யப்பட்டு, கோர்ட்டுகள் தலையிட்ட பின்னரே திரும்பவும் ஏற்படுத்தப்பட்டது. சேரும்போது ஒரு விதி, படிக்கும்போது ஒரு விதி, முடிக்கும்போது வேறொரு விதி என்றால், கடன் வாங்கி வந்தவன் என்ன செய்வான்? ஒரு மாணவன் எந்த விதியை நம்பிச் சம்பளம் கட்டினானோ, அந்த விதியே அவன் படிப்பு முடியும்வரை அவனுக்குச் செல்லவேண்டும். இது தயவு அன்று, வியாபார நாணயம். சரக்கு கப்பலேறிய பிறகு விலையைக் குறைக்கும் வியாபாரியை நமது தோல் மண்டியில் யாரும் மதிப்பதில்லை.

இதற்கு நமது சர்க்கார் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று சொல்லுவது தவறு. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக உடன்படிக்கையோடு, அங்கே பட்டம் பெறும் இந்திய மாணவர் எத்தனை வருஷம் தங்கி வேலை செய்யலாம் என்பது எழுத்து மூலம் உறுதி செய்யப்பட்டது. பட்டதாரிக்கு 2 வருஷம், மேற்பட்டம் பெற்றவருக்கு 3, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவருக்கு 4. ஆனால் 2025 ஜூலை 24 இல் பிரிட்டனோடு கையெழுத்தான உடன்படிக்கையில் நமது தோல் சாமானுக்கும் ஷூவுக்கும் அந்நாட்டு வரி நீங்க வழி செய்யப்பட்டதே தவிர, மாணவரின் பயிற்சிக்கு அத்தகைய உறுதி பெறப்படவில்லை. ஷூவுக்குப் பேரம் பேசத் தெரிந்த நாம், ஷூ செய்யும் பையனுக்கும் பேரம் பேசியிருக்கவேண்டாமா? இனிச் செய்யப்படும் ஒவ்வோர் உடன்படிக்கையிலும் மாணவர் பயிற்சிக் காலம் ஒரு ஷரத்தாக இடம் பெறவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் பிறரிடம் கேட்பதற்கு முன்னால் நமது வீட்டையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும். வேலூரிலேயே அயல்நாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். 1984 இல் எஞ்சினீயரிங் கல்லூரியாக ஆரம்பித்த வி.ஐ.டி. சர்வகலாசாலைக்கு வெவ்வேறு தேசங்களிலிருந்து இளைஞர்கள் வந்து படிக்கிறார்கள். நமது மாணவர் விசாவின் நிபந்தனை என்ன? சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பதே. காட்பாடியில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவன் ஒருவன், மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு கம்பெனியில் கூலிக்குக் கணக்கெழுதினால் அது குற்றம். லண்டனில் 20 மணி போதவில்லை என்று முறையிடுகிற நாம், வேலூரில் ஒரு மணியும் கொடுக்கவில்லை! உலகத்து மாணவர்களை இந்தியாவுக்கு அழைக்கிறோம் என்று 2018 முதல் சர்க்கார் பிரசாரம் செய்து வருகிறது. அழைத்த விருந்தாளிக்குப் பாதி இலை போடுவது நமது வழக்கமன்று. பாடக் காலத்தில் அளவான மணி நேரமும், பட்டம் பெற்றபின் தன் துறையில் ஒரு வருஷப் பயிற்சியும் அவர்களுக்கு அனுமதித்தால், நமது பிள்ளைகளுக்காக அயல்நாட்டாரிடம் பேசும்போது நமது வார்த்தைக்கு அதிக மதிப்பு ஏற்படும்.

அவர்கள் இருக்கட்டும், நமது சொந்தப் பிள்ளைகளுக்காவது இங்கே தொழிற்பயிற்சி கிடைக்கிறதா? இவ்வட்டாரத்துத் தோல் வியாபாரிகள் கல்விக்குச் செய்த தர்மம் சாமானியமானதன்று. 1919 இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் விளங்கும் கல்லூரியும் அதற்குச் சாட்சி. தோலில் சம்பாதித்ததை ஏட்டில் செலவிட்ட அந்தப் பரம்பரை, ஏட்டைப் படித்தவனைத் தோல் தொட்டியண்டை அழைத்து வருவதில் ஏனோ பின்தங்கிவிட்டது. ரசாயனம் படித்த பட்டதாரியைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வருஷம் சம்பளத்தோடு பழக்கி எடுக்கும் சாலைகள் எத்தனை என்று விசாரித்தால் நாம் பெருமைப்பட இடமிராது. தொழில் பழகுவோர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. சட்டம் இருப்பது வேறு; மனம் இருப்பது வேறு.

இந்த அலட்சியத்தின் விலையை இவ்வட்டாரம் உயிரால் கொடுத்திருக்கிறது. பாலாற்று நிலமும் நீரும் கெட்டது கண்டு சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டில் கடுமையான தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை வேலூர் வழக்கில்தான் இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது. அப்படியிருந்தும் 2015 ஜனவரி 31 ஆந் தேதி இராணிப்பேட்டைச் சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் முதலாக 10 பேர் மாண்டார்கள். தொட்டியை எப்படிக் கட்டுவது, கழிவை எவ்வளவு தேக்குவது, குரோமியத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பன புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தைப் படித்தவன் தொட்டிக்கரையில் நிற்காத வரையில் அவை புத்தகத்திலேயே கிடக்கும். அயல்நாட்டில் சென்று இத்துறைகளில் கைப்பழக்கம் பெற்று வருகிற ஒவ்வோர் இளைஞனும் பாலாற்றுக்குச் செய்யும் உபகாரம் பெரிது. பெட்ரோல் கடையில் திருட்டுத்தனமாக உழைத்துக் களைத்துத் துரத்தப்பட்டு வருகிறவனால் அவனுக்கும் பயனில்லை; ஆற்றுக்கும் பயனில்லை.

ஆகவே செய்யவேண்டியவை இவை.

முதலாவது, மாணவர்களை அயல்நாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்டுகளைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரவேண்டும். கூலி வேலைக்கு ஆள் அனுப்புகிறவன் 1983 ஆம் வருஷத்துக் குடிபெயர்ச்சிச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். மாணவனை அனுப்புகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் அத்தகைய கட்டாயமில்லை. 2012 இல் பஞ்சாப் மாகாணம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் செய்தது. சென்னை சர்க்காரும் அவ்விதம் ஏன் செய்யக்கூடாது? "சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் செய்பவன், எத்தனை மணி, என்ன கூலி, என்ன செலவு என்பதையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கக் கட்டாயப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் கலாசாலைகளே ஒன்றுகூடிப் பணம் வாங்காத ஆலோசனை நிலையம் ஒன்று ஏற்படுத்தவேண்டும். அந்தந்த நாட்டு விதிகளை மாதந்தோறும் பார்த்து, படித்த நாலு பேர் சொல்லிக் கொடுத்தால், எத்தனையோ பத்திரங்கள் பாங்கிக்குப் போகாமல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்.

மூன்றாவது, தோல் முதலாளிகளின் சங்கங்கள், அயல்நாட்டில் தோல் தொழிலும் கழிவு சுத்திகரிப்பும் கற்கப் போகும் ஏழை மாணவர் சிலருக்காவது முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு, திரும்பி வந்தவுடன் வேலை தருவதாக வாக்களிக்க வேண்டும். கடன் சுமை இல்லாத மாணவனுக்கே பயிற்சியைப் பயிற்சியாகக் கொள்ளும் மனம் இருக்கும். அவன் 20 மணிக்கு மேல் 21 ஆவது மணியைத் தேட வேண்டியதில்லை.

நான்காவது, மத்திய சர்க்கார் அயல்நாடுகளோடு பேசும்போது பயிற்சி உரிமையை வற்புறுத்துவதோடு, இங்கு வந்து படிக்கும் அயல்நாட்டு மாணவருக்கும் அதை அளிக்க முன்வரவேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்நிய தேசத்தின் சட்டம் நமக்கு அநியாயமாகத் தோன்றினால் அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசுங்கள். உங்கள் சங்கங்களின் மூலம் மனுச் செய்யுங்கள். நமது பிரதிநிதிகளைத் தூங்கவிடாதீர்கள். ஆனால் ஒளிந்து மீறாதீர்கள். வெளிப்படையாகச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவரின் பெருமை வேறு. ஒளிந்து மீறிக் கூலியில் பாதியை இழந்து, வாயையும் இழந்து நிற்பவனின் நிலை வேறு. முன்னதால் சட்டம் மாறும். பின்னதால் சட்டம் இன்னும் இறுகும்.

பச்சைத் தோலை அனுப்பிவிட்டுச் செருப்பை விலைக்கு வாங்கிய காலம் நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதைக் கற்றுக்கொள்ள நமக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. நமது பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள முடியாது. படிப்பை முடித்தும் தொழில் முடியாத இளைஞர்களை எந்த நாட்டிலிருந்தும் நாம் திரும்பப் பெற வேண்டியதில்லை. எந்த நாட்டுக்கும் திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை. சர்க்காரும், முதலாளிகளும், பெற்றோரும் இதை இந்த வருஷமே உணர்ந்து நடப்பார்களாக.